சந்தாப் புத்தகமும் சபை ஒழுங்கும்
கல்முனைக் கரையோரப் பள்ளிவாசல் ஜமாஅத்களின் வரலாற்றுக்கு ஒரு முன்னுரை

பள்ளிவாசல் விழா மலர்களில் நாம் எழுதும் வரலாறு பெரும்பாலும் கட்டடத்தின் வரலாறாகவே இருக்கிறது. ஓலைக் கொட்டில் எப்போது கல்வீடானது, மினாராவை எழுப்பியவர் யார், எந்த ஹாஜியார் எந்த வளவை வக்ஃபு செய்தார் என்றெல்லாம் பதிவு செய்கிறோம். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் அந்தக் கூரையின் கீழ் கூடிய மக்கள் தங்களை ஒரு ஜமாஅத்தாக எப்படிக் கட்டிக் காத்தார்கள் என்பதை எழுதாமல் விட்டால் வரலாற்றின் பாதி போய்விடும். யார் ஜமாஅத்தைச் சேர்ந்தவர், சந்தா யாரிடம் வாங்கப்பட்டது, மஷூறா என்னும் கலந்தாலோசனைக் கூட்டத்தில் யார் எப்படிப் பேசலாம், வரம்பு மீறியவரை என்ன செய்தார்கள் ஆகிய நான்கு கேள்விகளுக்கும் இக்கரையோர ஊர்கள் பல தலைமுறைகளாக விடை கண்டு வந்திருக்கின்றன. அந்த விடைகளைத் தொகுத்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை நீளும் இக்கரையில், உள்நாட்டில் சம்மாந்துறையையும் சேர்த்து, பொது அலுவல்களுக்கான மிகப் பழைய மன்றம் பள்ளிவாசல்தான். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். கல்முனை மாநகர சபை வந்தது 2001இல். இவற்றுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே ஊர்கள் தம் பள்ளிவாசலைச் சுற்றி ஒழுங்குபட்டிருந்தன.

குடி என்னும் அடித்தளம்

போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 1626ஆம் ஆண்டளவில் கண்டி மன்னன் செனரத் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவைரோஸ் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே இங்கு வந்து வாழ்ந்த முஸ்லிம்களும் உண்டு. இப்பகுதித் தமிழ்ச் சமூகங்களான திமிலரும் முக்குவரும் பொருதபோது முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணை நின்றார்கள், அந்த உறவில் பெண் கொண்டார்கள், அப்படியே குடி என்னும் தாய்வழிக் குல முறையும் வந்தது என்பது ஊர்களில் வழங்கும் வாய்மொழி வரலாறு. எப்படி வந்திருந்தாலும், அயலில் வாழும் தமிழரும் நாமும் ஒரே வகையான குடி முறையைக் கொண்டிருக்கிறோம் என்பது கண்கூடு. அவர்களது கோயில்களில் குடிக்கு ஒரு வண்ணக்கர் இருந்ததுபோல, நமது பள்ளிவாசல்களில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்தார்.

குடி தாய்வழியாக வருவது. உம்மாவின் குடியே பிள்ளையின் குடி. வாப்பாவின் குடி வேறாக இருக்க வேண்டும். ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. வீடு பெண்மக்களுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். ஆகவே ஒரு தாயின் நான்கு ஆண்மக்கள் நான்கு வெவ்வேறு குடிகளின் வீடுகளில் வாழக்கூடும். ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது இரண்டு குடிகள் ஒரே அடுப்பில் உண்ணும்.

இதன் பலனைச் சபையில்தான் காணலாம். இரண்டு குடிகளுக்கிடையே வழக்கு வந்தால், ஒரு குடியின் மரைக்காயர் எதிர்க்குடியைக் கண்டபடி பேசிவிட முடியாது. அவரது பிள்ளைகளே அந்தக் குடியைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். அவரது மச்சான்மார் அங்கே அமர்ந்திருக்கலாம். எதிர்த்தரப்பில் தன் இரத்தமும் இருக்கிறது என்ற நினைப்பே அவர் நாவுக்கு முதற் கடிவாளம். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட தம் பெருநூலில் இந்தக் குடி அமைப்பும் கோயில், பள்ளிவாசல் நிருவாகமும் பின்னிக் கிடப்பதை விரிவாக எழுதியிருக்கிறார். நாம் நம் ஊரைப் பற்றி எழுத வேண்டியவற்றில் ஒரு பகுதியை அவர் எழுதிவிட்டார். மீதி நமக்காகக் காத்திருக்கிறது.

மரைக்காயரின் பொறுப்பு

மரைக்காயர் என்பது வெறும் மரியாதைப் பெயராக இருந்ததில்லை. தன் குடியில் எத்தனை தலைக்கட்டு, எந்த ஒழுங்கையில் யார் இருக்கிறார், யார் வீட்டில் மௌத், எங்கே கலியாணப் பேச்சு, எந்தக் கைம்பெண்ணின் வீட்டில் உழைக்க ஆளில்லை என்பவை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிவாசலுக்குச் சேர வேண்டியதைத் தன் குடியிடம் வாங்கிக் கொடுப்பதும், கந்தூரி வந்தால் தன் குடியின் பங்கை நிறைவேற்றுவதும், சிறு பிணக்குகளைப் பள்ளிவாசல் வரை வராமல் தீர்ப்பதும் அவர் வேலை. தன் குடிக்காரர் சபையில் நெறி தவறினால் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

அந்தக் கடமையை மரைக்காயர்மார் எப்படிச் செய்தார்கள் என்பதை மூத்தவர்களிடம் கேட்டால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்வார்கள். மஷூறாவில் ஒரு வாலிபர் கணக்கைப் பற்றிக் கேட்கும்போது குரல் உயர்ந்து, ஒருவரின் குடும்பத்தையும் சேர்த்து இழுத்துவிடுகிறார். சபை அத்தோடு வேறு விடயத்துக்குப் போகிறது. அடுத்த நாள் அஸருக்குப் பின் மரைக்காயர் அவரது வீட்டு வாசலில் நிற்பார். தேத்தண்ணி வரும். ஊர்க் கதை, வயல் கதை எல்லாம் பேசிவிட்டு எழும்புகிற நேரம் சொல்வார்: "மகன், நீ கேட்ட கேள்வி சரிதான். கேட்ட விதந்தான் சரியில்ல. வாற மஷூறாவுல நீயே முதல்ல எழும்பிப் பேசு. ஒருத்தர்ர குடும்பத்தையும் இழுக்காத." வாலிபர் தலையைக் குனிந்து "சரி மாமா" என்பார்.

இதில் மூன்று நெறிகள் அடங்கியிருக்கின்றன. கண்டிப்பு தனியே நடந்தது. கேள்வியின் நியாயம் ஒப்புக்கொள்ளப்பட்டது. மறுபடி பேசும் உரிமை பறிக்கப்படவில்லை. சபை நடத்தும் எந்தச் சங்கத்துக்கும் இதைவிட நல்ல விதி எழுதிவிட முடியாது.

சந்தாப் புத்தகம்

ஒரு சந்தாப் புத்தகத்தைப் பொறுமையாகப் பார்த்தால் ஊரின் வரலாறு தெரியும். நீளவாக்கில் கட்டிய தடித்த அட்டை. இடப்பக்கம் இலக்கம், பெயர், குடி அல்லது ஒழுங்கை. வலப்பக்கம் பன்னிரண்டு கட்டங்கள், மாதத்துக்கு ஒன்று. அறுவடை முடிந்த மாதங்களில் கட்டங்கள் மளமளவென்று நிரம்பும். மாரி வெள்ளத்தில் அவை வெறுமையாகக் கிடக்கும். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கி நீர் வந்த பிறகு வயற்பரப்பு பெருகியது. போடியாரின் (நிலக்காரரின்) வரவும் முல்லைக்காரரின் (அவருக்காக வயல் செய்பவரின்) வரவும் போகத்தோடு கட்டுண்டவை ஆகையால் சந்தாவும் போகத்தோடு ஏறி இறங்கியது. களவெட்டியில் பொலி அளக்கும்போதே பள்ளிவாசலுக்கென நெல் ஒதுக்கியவர்கள் உண்டு. மருதமுனைக் கைத்தறிக்காரர் சேலை விற்ற நாளில் கட்டுவார். கரைவலைக்காரர் மீன் பட்ட நாளில் கட்டுவார். பின்னாளில் ஓரக்குறிப்பாகச் 'சவூதி' என்றும் 'கட்டார்' என்றும் எழுதப்பட்டது. அந்த வீட்டுச் சந்தா கடல் கடந்து வரத் தொடங்கியது. சில பெயர்களின் மேல் ஒரு கோடும் அருகில் 'மௌத்' என்ற சொல்லும் இருக்கும். அடுத்த வரியில் மருமகனின் பெயர்.

சந்தா ஒரு கட்டணமா? கடைக்காரரிடம் கொடுக்கும் காசுக்குப் பொருள் வாங்குவதுபோல, சந்தா கொடுத்து ஜனாஸாவையும் கலியாணக் கடிதத்தையும் வாங்குகிறோமா? நமது முன்னோர் அப்படி நினைக்கவில்லை. சந்தா என்பது 'நானும் இந்த ஜமாஅத்தில் இருக்கிறேன்' என்று மாதந்தோறும் சொல்வது. தொகை வீட்டுக்கு வீடு வேறுபட்டது. சிலர் பணத்துக்குப் பதில் நெல் கொடுத்தார்கள். சிலர் மையவாடி வேலி கட்டிக் கொடுத்தார்கள். சிலருக்கு மரைக்காயரே தன் பையிலிருந்து போட்டுக் கட்டினார். எவ்வளவு கொடுத்தார் என்பதைவிடப் பெயர் புத்தகத்தில் இருக்கிறதா என்பதே முக்கியமாயிருந்தது.

ஆகவே நிலுவை வைத்தவரை நடத்தும் விதத்தில்தான் ஒரு நிருவாகத்தின் தரம் தெரியும். வசதி இருந்தும் கட்டாதவர் வேறு, இல்லாததால் கட்டாதவர் வேறு. முன்னவரிடம் கேட்கலாம், கண்டிக்கலாம், கலியாணக் கடிதத்துக்கு வரும்போது நிலுவையை நினைவூட்டலாம். பின்னவரின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பதும், பள்ளிச் சுவரில் ஒட்டுவதும் பாவம். ஜனாஸா எந்த நிலுவைக்காகவும் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது. மௌத்தானவரின் வீட்டில் சந்தாப் புத்தகத்தைத் திறப்பதே நெறிகேடு.

இன்னொரு கோணத்திலும் இந்தப் பதிவேடு ஊரைக் காத்திருக்கிறது. யார் ஊரவர், யார் புதிதாக வந்தவர் என்று அறிந்திருப்பது ஜமாஅத்தின் பழைய பழக்கம். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின், ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில், வாடகை வீடொன்றுக்குப் புதிதாக வந்தவர்கள் மீது ஐயம் கொண்டு அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. அயலாரை அறிந்து வாழும் ஊர் தன்னையும் நாட்டையும் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சபையில் பேசும் ஒழுங்கு

கூடிப் பேசி முடிவெடுப்பதை அல்லாஹ் நல்லடியார்களின் பண்பாகச் சொல்லும் திருக்குர்ஆன் அத்தியாயத்துக்கே 'அஷ்ஷூறா' என்று பெயர். 'அல்ஹுஜுராத்' அத்தியாயமோ சபைக்கு வருபவர் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டியது: வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் செயல்படாதே, ஒருவரை ஒருவர் பரிகசிக்காதே, பட்டப்பெயர் சூட்டாதே, துருவி ஆராயாதே, புறம் பேசாதே. பட்டப்பெயர் இல்லாத குடும்பம் நமது ஊர்களில் அரிது. தெருவில் பாசத்தோடு அழைக்கும் அந்தப் பெயரே சபையில் அழைக்கப்படும்போது அவமானமாகிறது. அதனால்தான் பழைய மஷூறாக்களில் 'காக்கா', 'மாமா', 'ஹாஜியார்', 'மாஸ்டர்' என்றே ஒருவரை ஒருவர் விளித்தார்கள்.

தமிழ் பேசும் நிலத்தில் சபை ஒழுங்கு புதிதல்ல. திருநெல்வேலிப் பக்கத்து மானூரில் கி.பி. 800 அளவில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று, சபையில் வைக்கப்படும் ஒவ்வொன்றையும் 'அல்ல' என்று மறித்துக் காரியத்தைத் தடுப்பவருக்கு 5 காசு தண்டம் விதிக்கிறது. கி.பி. 919, 921 ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவரது நெருங்கிய உறவினரையும் தேர்வுக்கே தகாதவர் என்று ஒதுக்குகின்றன. மார்க்கம் வேறு, காலம் வேறு. ஆனாலும் சபையைக் கெடுப்பவை அன்றும் இன்றும் இரண்டுதான்: மறிப்பதற்காகவே மறிக்கும் வாயும், காட்டப்படாத கணக்கும்.

நமது மஷூறாவுக்கு ஓர் அழகான முடிவு உண்டு. சலாத்தோடு தொடங்கும் கூட்டம், சபையில் நேர்ந்த பிழைகளுக்குப் பரிகாரமாக ஓதப்படும் துஆவோடு கலையும். எவ்வளவு சூடாகப் பேசியிருந்தாலும், எழும்பும் முன் வீண் பேச்சுக்கும் தவறிய சொல்லுக்கும் எல்லோரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்கிறோம். அதை வாயால் மட்டும் ஓதிவிட்டு வெளிவாசலில் நின்று மறுபடி அதே பிணக்கைத் தொடங்கினால், ஓதியதன் பொருள் என்ன?

சட்டம் வந்த பிறகு

1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள், தர்ம நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்ஃபுகள் சட்டம் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. பள்ளிவாசல்கள் பதிவு செய்யப்பட்டன. நம்பிக்கையாளர்களை வக்ஃபு சபை நியமித்தது. கணக்குக் காட்டுவது சட்டக் கடமையானது. 1982ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் திருத்தம் வக்ஃபு நியாய சபையைத் தந்தது. கலியாணப் பிணக்குகளும் தலாக்கும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்படி காழியிடம் போயின. மரைக்காயர்மார் தீர்த்த பல வழக்குகள் இப்படிப் பள்ளிவாசலை விட்டு வெளியேறின.

ஆனாலும் சட்டம் ஊர் வழக்கத்தைத் தள்ளிவிடவில்லை. நம்பிக்கையாளரை நியமிக்கும்போது அப்பள்ளிவாசலில் நிலவும் நடைமுறைக்கு மதிப்புக் கொடுக்கப்படுகிறது. அதனாலேயே குடி முறை சில ஊர்களில் இன்றும் நிலைத்திருக்கிறது. வேறு சில ஊர்களில் மஹல்லாவாரியாக ஆட்களைத் தெரிவு செய்யும் முறை வந்துவிட்டது. குடி பார்ப்பது மார்க்கத்துக்கு உரியதல்ல என்று வாதிடும் ஆலிம்களும் இளைஞர்களும் உண்டு. அதில் ஊரின் ஒற்றுமையைக் காணும் பெரியவர்களும் உண்டு. எந்த முறையைக் கைக்கொண்டாலும் ஒரு கேள்வி தப்பாது: வாக்களிக்க உரியவர் யார்? வழக்கு நியாய சபைக்குப் போனால் முதலில் தேடப்படுவது ஜமாஅத்தார் பட்டியல். புத்தகத்தை ஒழுங்காக வைத்திருக்கும் ஊருக்குத் தன் வழக்கத்தை நிறுவுவது எளிது. வைத்திராத ஊரில் ஆளுக்கொரு பட்டியல் முளைக்கும்.

சுனாமியும் பெண்களின் பெயரும்

2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்தபோது இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோர ஒழுங்கைகள் வீடுகளோடு போயின. சந்தாப் புத்தகத்தின் பக்கங்களில் இருந்த குடும்பங்கள் முழுதாக இல்லாமலாயின. உயிர் தப்பியவர்கள் மருதமுனையின் அறுபத்தைந்து மீட்டர் வீட்டுத் திட்டம் போன்ற புதிய குடியிருப்புகளுக்குப் போனார்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டப்பட்ட 500 வீடுகளோ பல ஆண்டுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. ஒழுங்கை வாரியாக எழுதிய பெயர்கள் இடம் மாறின. பழைய பள்ளிவாசலில் ஒரு காலும் புதிய இடத்தில் ஒரு காலுமாக மக்கள் நின்றார்கள்.

அப்போது ஓர் அநியாயமும் நடந்தது. இக்கரையில் வீடு பெண்ணின் சீதனம். அவள் பெயரில் இருப்பது. நிவாரண வீடுகளைப் பகிர்ந்தவர்கள் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் ஆணின் பெயரைத் தேடினார்கள். உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த உரிமை ஒரே படிவத்தில் கைமாறியது. இதை ஆய்வாளர்கள் எழுதினார்கள், பெண்கள் எடுத்துச் சொன்னார்கள்.

அந்தக் குறையைச் சொல்லும் நாம், நமது சந்தாப் புத்தகத்தையும் திறந்து பார்க்க வேண்டும். குடி பெண் வழியில் வருகிறது, வீடு பெண்ணுடையது, பள்ளிவாசலுக்கெனப் பிடியரிசி சேர்த்தவள் பெண். ஆனால் புத்தகத்தில் பெயர் ஆணுடையது. போரிலும் கடலிலும் கணவனை இழந்தவர், கணவன் விட்டுப்போனவர், கணவன் வெளிநாட்டில் இருக்கத் தானே வீட்டை நடத்துபவர் என்று எத்தனை பெண்கள் சந்தாவைக் கட்டிவிட்டுச் சபையில் குரலின்றி இருக்கிறார்கள்? கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், புதுக்கோட்டையிலிருந்து தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத்தையே உருவாக்க வேண்டியதாயிற்று; தம் வழக்குகள் தாம் இல்லாத சபையில் பேசப்படுகின்றன என்பதே அங்குள்ள பெண்களின் முறைப்பாடு. தாய்வழிக் குடியைக் கொண்ட நமக்குத் தனி ஜமாஅத் தேவைப்படக் கூடாது. பெண்ணின் பெயரைப் புத்தகத்தில் எழுதவும், அவளது கேள்வியை எழுத்தில் பெற்று மஷூறாவில் வாசித்துப் பதில் சொல்லவும் எந்தத் தடையும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியவை

விழாக் கொண்டாடும் ஆண்டு கணக்குப் பார்க்கும் ஆண்டாகவும் இருக்கட்டும். இந்த மரபிலிருந்து எடுத்து எழுதி வைக்கத் தக்கவை சில உண்டு.

ஒன்று, சந்தாப் புத்தகம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். வந்தவர் சேர வேண்டும். ஊர் மாறியவர் தாமே சொல்லி விலகவும், வேறு ஜமாஅத்துக்குக் கடிதம் வாங்கவும் எளிய வழி இருக்க வேண்டும். ஒருவரைக் கேளாமல் அவர் பெயரைச் சேர்ப்பதும் வெட்டுவதும் கூடாது.

இரண்டு, வாங்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் சிட்டை கொடுக்கப்பட வேண்டும். ஆண்டுக் கணக்கு ஜும்ஆவில் வாசிக்கப்பட வேண்டும். நிலுவைக்காரர் பட்டியல் பொருளாளரையும் அந்தக் குடியின் அல்லது மஹல்லாவின் பொறுப்பாளரையும் தவிர வேறு கண்ணில் படக் கூடாது.

மூன்று, மஷூறாவில் பேசப்படும் விடயம் முந்திய வெள்ளிக்கிழமையே அறிவிக்கப்பட வேண்டும். தலைவரை நோக்கிப் பேசுவது, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாதிருப்பது, சபையில் இல்லாதவரைக் குற்றம் சாட்டாதிருப்பது, குடும்பத்தையும் குடியையும் இழுக்காதிருப்பது ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். முடிவு குறிப்பேட்டில் பதியப்பட வேண்டும்.

நான்கு, நெறி தவறியவருக்கு முதலில் தனியே சொல்ல வேண்டும். பிறகு அவருக்கு வேண்டிய பெரியவர் மூலம் சொல்ல வேண்டும். அதற்கும் கேளாவிட்டால் சில கூட்டங்களுக்குப் பேச்சுரிமையை நிறுத்தலாம்; அதுவும் காலம் குறித்து, அவர் பக்கத்தையும் கேட்ட பிறகே. தொழுகையும் ஜனாஸாவும் இந்தத் தண்டனைக்குள் ஒருபோதும் வரக் கூடாது. நிருவாகத்தில் இருப்பவருக்கும் இதே விதிதான்.

ஐந்து, பெண் தலைமையில் இயங்கும் வீடுகள் பெண்ணின் பெயரிலேயே எழுதப்பட வேண்டும்.

பழைய மரைக்காயர்மாருக்கு இவை எல்லாம் மனப்பாடம். ஊர் சிறிதாக இருந்தபோது அது போதுமாயிருந்தது. இன்று ஒரு ஜமாஅத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். ஒழுங்கைக்கு ஒரு பள்ளிவாசல், இயக்கத்துக்கு ஒரு மிம்பர். மனத்தில் இருந்த நெறி காகிதத்துக்கு வந்தால்தான் அடுத்த தலைமுறைக்குச் சேரும். கட்டிய மினாராவை வெள்ளையடித்துக் காக்க ஆள் வைக்கும் நாம், அதன் கீழ் கூடும் சபையைக் காக்கவும் ஆள் வைக்க வேண்டும். இந்த மலர் அச்சேறும் ஆண்டிலேயே ஒவ்வொரு நிருவாகமும் தன் சபை விதிகளை ஒரு தாளில் எழுதி, ஜமாஅத்தின் ஒப்புதலைப் பெற்று, சந்தாப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் ஒட்டி வைக்கட்டும்.